எஸ்கோபாரியா விவிபாரா: கால்கரித் தோட்டத்தில் மூன்று குளிர்காலம் கண்ட சிறு கள்ளி

2022 மே மாதத்தில், கனடாவுக்குள்ளேயே அஞ்சல்வழியாகச் செடி அனுப்பும் ஒரு நர்சரியிடமிருந்து எஸ்கோபாரியா விவிபாரா என்னும் சிறு கள்ளிச் செடிகள் மூன்றை வாங்கினேன். தொட்டி ஒன்றின் விலை 9 டாலர். மூன்றுக்கும் சேர்த்து அனுப்புக் கட்டணம் 18 டாலர். வந்து சேர்ந்தபோது ஒவ்வொன்றும் ஒரு நெல்லிக்காயைவிடச் சற்றே பெரிதாக, வெள்ளை முட்களுக்குள் பச்சை நிறமே தெரியாதபடி உருண்டு திரண்டிருந்தது. குளிர் தாங்கும் என்ற உறுதியின் பேரில் விற்கப்படும் ஒரு செடியைப் பற்றி முதல் கோடையிலேயே எழுதும் பாராட்டுக்குப் பெறுமானம் இல்லை. ஆகவே, கால்கரியின் வடகிழக்குப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு முன்பாத்தியில் அவை மூன்று முழுக் குளிர்காலங்களைக் கழிக்கும் வரை பொறுத்திருந்து, 2025 நவம்பரில், நான்காவது குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த பிறகு இதை எழுதுகிறேன்.

மூன்றில் இரண்டு செடிகள் நலமாக இருக்கின்றன, ஒன்று அழுகிப்போயிற்று. அழுகியதற்குக் குளிரைக் குறைசொல்ல முடியாது. அந்தச் செடி எந்த மண்ணில் வைத்து அனுப்பப்பட்டதோ அந்த மண்ணும், உடன் வந்த அட்டையில் அச்சிட்டிருந்த பராமரிப்புக் குறிப்புமே காரணம். ஆகவே செடிக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருகிறேன். அதற்கு மண்ணிட்டு, குறிப்பெழுதி விற்ற முறைக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. நர்சரியின் பெயரை இங்கே சொல்லவில்லை. பின்னர் வேறு இரண்டு கடைகளில் நான் எடுத்துப் பார்த்த தொட்டிகளிலும் இதே வகை மண்தான் இருந்தது என்பதால், இது ஒருவரின் தனிப்பிழை என்று எழுதுவது நியாயமாக இருக்காது.

கள்ளி என்ற சொல்லை நாம் இரண்டு வேறு குடும்பங்களுக்கு வழங்கிவருகிறோம். ஊர்ப்புறத்தில் வேலியாக நிற்கும் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒடித்தால் பால் வடியும், அது கண்ணில் பட்டால் பெருந்துன்பம். சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மண்ணில் பரவிய வேறொரு குடும்பம். எஸ்கோபாரியா இந்த இரண்டாம் குடும்பத்தது. இதில் பால் கிடையாது. கள்ளிப்பாலுக்கு அஞ்சி, கள்ளி என்ற பெயரைக் கேட்டதுமே குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் வீட்டிலும் இருப்பதால் இதை விளக்கவேண்டியிருந்தது. சப்பாத்திக்கள்ளியைத் தொட்டால் கையெல்லாம் ஏறிக்கொள்ளும் சுணையும் இதற்கு இல்லை. முள் குத்தும், வலிக்கும். கையை எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது.

இந்தச் செடியைத் தோட்டத்தில் வைப்பதற்கு முன் அதை அதன் சொந்த இடத்தில் ஒருமுறை பார்ப்பது, எந்தப் பராமரிப்பு நூலையும்விடப் பயனுடையது என்பது என் அனுபவம். கால்கரி அமைந்துள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்பகுதி, அதை அடுத்த சஸ்காட்செவான் மாகாணத்தின் தென்பகுதி, மானிடோபா மாகாணத்தின் தென்மேற்கு மூலை ஆகிய இடங்களில் தொடங்கி, அமெரிக்காவின் பெரும்புல்வெளி வழியாக மெக்சிக்கோவின் வடக்கு வரை இது தானாக வளர்கிறது. கால்கரியிலிருந்து காரில் கிழக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றால் வரும் மெடிசின் ஹாட் நகரைச் சுற்றியுள்ள வறண்ட சரிவுகளிலும், டைனோசர் மாகாணப் பூங்காவின் மழையும் காற்றும் அரித்த நிலத்திலும் இதைக் காணலாம். ஒரு ஜூன் மாத இறுதியில் நாங்கள் அங்கே போயிருந்தபோது, காலடிக்கு ஒரு சாண் தள்ளி இருந்த செடியைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை; புல்லுக்குள் பாதி புதைந்து, தரையோடு தரையாகக் கிடந்தது. ஓர் இளஞ்சிவப்புப் பூ விரிந்திருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. அது நின்ற மண்ணை விரலால் கிளறிப் பார்த்தேன். மேலே சிறு கூழாங்கல், கீழே பருமணல், அதற்குள் களிமண்ணின் சிறு கட்டிகள். மக்கிய இலையோ கரியமண்ணோ மருந்துக்கும் இல்லை. அந்த ஒரு பிடி மண்ணை நினைவில் வைத்திருந்தால் போதும், கடையில் தரும் தொட்டியைப் பார்த்ததுமே என்ன செய்யவேண்டும் என்பது விளங்கிவிடும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது பெயரில். தாமஸ் நட்டால் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1811-இல் மிசூரி ஆற்றின் வழியே மேற்கே பயணம் செய்தபோது இதைக் கண்டார். 1813-இல் காக்டஸ் விவிபாரஸ் என்ற பெயரில் இது பதிவாயிற்று. 1819-இல் மாமில்லாரியா, 1913-இல் கோரிஃபாந்தா, 1951-இல் எஸ்கோபாரியா, 2022-இல் பெலிசிஃபோரா என்று பேரினப் பெயர், அதாவது பெயரின் முதற்பாதி, மாறிக்கொண்டே வந்திருக்கிறது. விற்பனைப் பட்டியல்களில் இந்தக் கடைசி மூன்று பெயர்களும் இன்றும் புழங்குகின்றன. ஒரே பட்டியலில் இரண்டு பெயர்களில் இரண்டு விலைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். மாறாமல் நிற்பது விவிபாரா என்ற சொல் ஒன்றுதான், அதைக் கொண்டு தேடினால் ஏமாற மாட்டீர்கள். உயிருள்ள குட்டியை ஈனுவது என்பது அதன் பொருள். வாழைக்குப் பக்கக்கன்று முளைப்பதைப் போலவே தாய்ச்செடியின் அடியைச் சுற்றிக் குட்டிகள் கிளம்பிக் கூட்டமாவதால் இந்தப் பெயர் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

பெயரைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: விதை எந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டது? இவ்வளவு நீண்ட நிலப்பரப்பில் பரவியிருக்கும் ஓர் இனத்தில், சஸ்காட்செவானின் புல்வெளியில் பிறந்த செடிக்கும் அரிசோனாவின் மலைச்சரிவில் பிறந்த செடிக்கும் குளிர் தாங்கும் வலிமை ஒன்றாக இருக்காது. தென்னிலத்து வடிவங்கள் உயரமாகவும் பருமனாகவும், பார்ப்பதற்கு இன்னும் கவர்ச்சியாகவும் வளர்வதால், கடையில் கண் முதலில் அவற்றின் மேல்தான் போகும். நான் நகரத்துப் பெரிய கடை ஒன்றில், மூலம் எதுவும் எழுதாத நான்காவது செடி ஒன்றையும் அதே ஆண்டில் வாங்கி, மற்றவற்றுக்குப் பக்கத்தில் நட்டேன். அது முதல் டிசம்பரைத் தாண்டவில்லை. அஞ்சலில் வந்த மூன்றின் அட்டையிலோ, தென் ஆல்பர்ட்டாவில் எடுத்த விதையிலிருந்து வளர்க்கப்பட்டவை என்று தெளிவாக எழுதியிருந்தது. நர்சரிக்கு நான் கொடுக்கும் மூன்று மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்கு உரியது.

பொட்டலம் கட்டிய விதத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு தொட்டியையும் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மண் சிதறாதபடி மேலே ஒட்டுநாடா போட்டு, அட்டைப்பெட்டிக்குள் அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். நான்கு நாள் பயணத்தில் ஒரு முள்கூட முறியவில்லை.

குறை அட்டையின் மறுபக்கத்தில் இருந்தது. வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றவும், தொட்டி மண்ணோடு அப்படியே நடவும், கடுங்குளிரில் வீட்டுக்குள் எடுத்துவைப்பது நல்லது என்று மூன்று அறிவுரைகள் அதில் இருந்தன. மூன்றும் இந்தச் செடிக்குப் பகை. தொட்டியில் இருந்தது பெரும்பாலும் பீட் என்னும் சதுப்புநிலக் கரியமண், அதனோடு கொஞ்சம் பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைக் கல்துகள். நர்சரிக்காரர்கள் பீட்டை விரும்புவதற்குக் காரணம் புரிகிறது. எடை குறைவு, ஈரம் நெடுநேரம் தங்கும், இளஞ்செடி விரைவில் பருக்கும். ஆனால் அந்த மண்கட்டியோடு செடியைத் தரையில் இறக்கினால், சுற்றிலும் உள்ள மணல் காய்ந்த பிறகும் வேரைச் சுற்றிய பீட் மட்டும் பஞ்சுபோல நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அக்டோபரில் அந்த ஈரத்தோடு செடி உறைந்தால், ஏப்ரலில் உறை கலையும்போது வேர் கூழாகிவிடும். முழுக்கக் காய்ந்துவிட்ட பீட்டோ அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. மேலே ஊற்றும் தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழியவிட்டுவிடும். கோடையில் தாகம், குளிர்காலத்தில் ஈரம் என்று செடி இரண்டு பக்கமும் அடிபடுகிறது.

இதை நான் முன்பே அறிந்திருக்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் மூன்றையும் அட்டையில் சொன்னபடி மண்கட்டியோடுதான் நட்டேன். ஆகஸ்ட் தொடக்கத்தில், ஒரு செடிப் பரிமாற்ற நிகழ்வில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிநிலத்தில் கள்ளி வளர்த்துவரும் முதியவர் ஒருவரிடம் பேச வாய்த்தது. அவர் சொன்னதைக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் இரண்டு செடிகளைத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அசைத்து அசைத்து, வேரில் ஒரு துளிப் பீட்டும் இல்லாமல் கழுவினேன். பிறகு நிழலில் செய்தித்தாளின் மேல் ஐந்து நாள் கிடத்தி, கழுவும்போது அறுந்த வேர்முனைகள் காய்ந்து மூடிக்கொள்ளும் வரை காத்திருந்து, உலர்ந்த மணற்கலவையில் நட்டு, அதற்கும் ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீரை ஊற்றினேன். மூன்றாவது செடி அப்போது பக்கத்தில் ஒரு குட்டியை விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கலைக்க மனமில்லாமல் விட்டுவிட்டேன். அடுத்த வசந்தத்தில் அழுகிக் கிடந்தது அந்த மூன்றாவதுதான். கையால் தூக்கியதும் மேல்பாகம் தனியாக வந்தது. கீழே வேர் இருந்த இடத்தில் பழுப்புச் சேறும், அதைச் சுற்றி ஈரம் இன்னும் காயாத பீட் உருண்டையும் இருந்தன. மற்ற இரண்டும் அதிலிருந்து ஒரு முழத் தொலைவில், அதே பனிக்கு அடியில் இருந்தவை.

பாத்தியை அமைத்த விதத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் செடியின் விலையைவிட அதிகமாக இதில்தான் செலவிட வேண்டியிருக்கும். கால்கரியின் மண் கனத்த களிமண். பள்ளத்தில் விட்டால் தண்ணீர் நிற்கும். ஆகவே தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி, தரைமட்டத்துக்கு மேல் சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டினேன். பருமணலும் பட்டாணி அளவுச் சரளையும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு, உரம் எதுவும் இல்லை. மேற்பரப்பில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சிறு கூழாங்கல்லைப் பரப்பினேன். செடியின் கழுத்து எப்போதும் உலர்ந்திருக்க இது மிகவும் வேண்டும். கூரையின் விளிம்பு சற்றே நீண்டிருக்கும் இடமாகத் தேர்ந்ததால் இலையுதிர்காலத்து மழையில் பாதி இந்தப் பாத்தியில் விழுவதில்லை. நடைபாதைக்குத் தூவும் உப்பும், வண்டிப்பாதையிலிருந்து வாரிக் குவிக்கும் பனியும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

முதல் இலையுதிர்காலத்தில் எனக்கு ஏற்பட்ட அச்சம், இதை வாங்கும் எல்லோருக்கும் ஏற்படும். செப்டம்பர் நடுவில் தண்ணீரை முற்றிலும் நிறுத்திய பிறகு, செடிகள் நாளுக்கு நாள் சுருங்கின. அக்டோபர் இறுதியில் அவை பாதி அளவுக்கு வற்றி, மேல்பாகம் தட்டையாகி, நிறம் பச்சையிலிருந்து செம்பழுப்புக்கு மாறி, கல்லுக்கிடையில் அமிழ்ந்துவிட்டன. எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண்மணி எட்டிப் பார்த்து, "அண்ணா, இது போயிடுச்சே, தண்ணி ஊத்தக் கூடாதா?" என்று வருத்தத்தோடு கேட்டார். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஊற்றும் ஒரு குவளைத் தண்ணீர் செடிக்கு எமன். சுருங்குவதுதான் இது குளிரைத் தாங்கும் வழி. இரவுகள் நீண்டு குளிர்ந்துவர, செடி தன் உடலில் உள்ள நீரில் கணிசமான பகுதியை விட்டுவிடுகிறது. எஞ்சிய சாற்றில் சர்க்கரை முதலிய பொருள்களின் அடர்த்தி கூடுகிறது. வெறும் தண்ணீர் உறையும் குளிரில் சர்க்கரைப்பாகு உறைவதில்லை அல்லவா? அதே முறைதான் இங்கும். கள்ளிகளின் சதைக்குள் இருக்கும் வழவழப்பான பசையும் நீரைப் பிடித்துவைத்து, பனிப்படிகம் செல்லுக்குள் தோன்றாமல் செல்களுக்கு இடையில் தோன்றும்படி செய்ய உதவுகிறது. செல்லுக்குள் ஊசிபோலப் படிகம் வளர்ந்தால் செல் கிழிந்துவிடும். வெளியில் வளர்ந்தால் செல் சுருங்குமே தவிரக் கிழியாது. இந்தப் பழக்கம் ஓர் இரவில் வருவதில்லை, வாரக்கணக்கில் படிப்படியாகக் குளிர்ந்தால்தான் வரும். கடுங்குளிரில் உள்ளே எடுத்துவைக்கச் சொன்ன அட்டையின் அறிவுரை ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும். வீட்டுச் சூட்டில் ஒரு வாரம் இருந்த செடி பழக்கம் கலைந்து மறுபடி நீர் குடித்துப் பருக்கத் தொடங்கினால், திரும்ப வெளியே வைக்கும் நாளில் அதற்குக் காப்பு எதுவும் இருக்காது.

2024 ஜனவரி நடுவில் வந்த குளிர் உண்மையான சோதனை. கால்கரியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 35 பாகையையும் தாண்டி இறங்கியது. பள்ளிக்குப் போகும் குழந்தைகளின் இமை மயிரில் உறைபனி படிந்த அந்த நாட்களில், பாத்தியின் மேல் பனி மிக மெல்லிய படலமாகத்தான் கிடந்தது; ஒரு செடியின் முள்நுனிகள் வெளியே தெரிந்தன. அதற்கு மேலும் இந்த ஊருக்கே உரிய சினூக் காற்று உண்டு. ராக்கி மலையைத் தாண்டி மேற்கிலிருந்து இறங்கும் அந்த வெப்பக்காற்று, சில மணி நேரத்தில் 20 பாகைக்கும் மேல் சூட்டை ஏற்றி, பனியைக் கரைத்து, மறுநாளே மீண்டும் உறையவைக்கும். தொடர்ந்து குளிராக இருக்கும் ஊரைவிட இப்படி மாறிமாறி உறைந்து உருகும் ஊரே செடிகளுக்குக் கடினமானது. இதே பாத்தியின் மறுமுனையில் இருந்த எங்கள் லாவெண்டர் இரண்டு முறை பட்டுப்போயிருக்கிறது. கள்ளிகள் இரண்டும் ஏப்ரல் இறுதியில், முதல் வசந்த மழைக்குப் பத்து நாளில், காற்றடைத்த பந்துபோல மறுபடி உருண்டு நின்றன. அந்தக் காலையில் என் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்து வந்து காட்டினேன்.

பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 ஜூன் கடைசியில் ஒரு செடியில் ஒரே ஒரு பூ. 2024-இல் இரண்டு செடிகளிலுமாக ஐந்து. இந்த ஆண்டு ஒன்பது. செடியின் உச்சியில், முள்ளைத் தாங்கும் புதிய புடைப்புகளின் இடுக்கிலிருந்து மொட்டு கிளம்புகிறது. மொட்டு இரண்டு வாரம் பழுப்பாக, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததாக இருக்கும். பிறகு ஒரு நாள் உச்சிவெயிலில், கருஞ்சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில், செடியின் உடலையே மறைக்கும் அகலத்துக்கு விரிகிறது. இதழ்கள் ஒடுங்கிக் கூர்ந்து நட்சத்திரம்போல நிற்க, நடுவில் மஞ்சள் மகரந்தத்தூள் பளிச்சென்று தெரிகிறது. மாலையில் மூடிக்கொண்டு மறுநாள் வெயிலேறியதும் மீண்டும் விரிகிறது. மேகமூட்டமான நாளில் திறப்பதே இல்லை. மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வருகிறவர்கள் பல நாள் மூடிய பூவைத்தான் பார்ப்பார்கள். பூக்காலம் என்று பார்த்தால் ஆண்டில் பத்து நாள்தான் தேறும். கோடை முழுவதும் நிறம் வேண்டும் என்பவர்கள் பெட்டூனியா வாங்குவதே நல்லது. எனக்கு அந்தப் பத்து நாள் போதும். அந்த நாட்களில் தேனீக்கள் பூவுக்குள் முழுக உருண்டு எழுவதைப் பார்க்க வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

2024-ஆம் ஆண்டு கால்கரியில் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு மறக்காது. ஜூன் தொடக்கத்தில் நகரின் பெரிய குடிநீர்க் குழாய் உடைந்து, வீட்டுக்கு வெளியே தண்ணீர் பயன்படுத்தத் தடை வந்தது. காய்கறிப் பாத்திக்கு அரிசி கழுவிய நீரைச் சுமந்துகொண்டிருந்த அந்த வாரங்களில், இந்தப் பாத்தி எங்களிடம் ஒரு குவளை நீரும் கேட்காமல் மொட்டு விட்டது. கள்ளிகள் இரவில்தான் தம் துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்குகின்றன. பகல் வெயிலில் மூடிவைத்துக்கொள்வதால் நீர் வீணாவதில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 மாலை, வடகிழக்கு கால்கரியில் பெய்த ஆலங்கட்டி மழை வீட்டுச் சுவர்ப்பலகைகளைத் துளைத்து, விமான நிலையத்தையும் சேதப்படுத்தியது. எங்கள் தக்காளிச் செடிகளில் தண்டுகூட மிஞ்சவில்லை. கள்ளி ஒன்றில் இரண்டு இடத்தில் தோல் சிராய்ந்து, பின்னர் மரப்பட்டைபோலக் காய்ந்து ஆறிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முட்கள் அடர்ந்த கூரைபோல நின்று அடியை வாங்கிக்கொண்டன என்று நினைக்கிறேன்.

குறைகள் இல்லாத செடி என்று சொல்ல மாட்டேன். வளர்ச்சி மிக மெதுவானது. மூன்றரை ஆண்டில் தாய்ச்செடியின் குறுக்களவு மூன்று சென்டிமீட்டரிலிருந்து ஐந்தாகியிருக்கிறது. பெரியதற்கு நான்கு குட்டிகள், சிறியதற்கு ஒன்று. தரையோடு கிடப்பதால் பாத்தியில் புல் முளைத்தால் செடி மூழ்கிவிடும். முட்களுக்கு நடுவே வேர்விட்ட புல்லைக் கையால் பிடுங்க இயலாது. நீண்ட இடுக்கி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மாதம் இருமுறை அரைமணி நேரம் அதற்குச் செலவாகிறது. அஞ்சல்காரர் இருமுறை மிதிக்கப் பார்த்ததால் சுற்றிலும் மூன்று பெரிய கற்களை நட்டிருக்கிறேன். நட்ட ஆண்டின் கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறையும், அதற்குப் பின் மே, ஜூன் மாதங்களில் மழையே இல்லாவிட்டால் மட்டும் ஒருமுறை இருமுறையும் தண்ணீர் தருவதைத் தவிர வேறு வேலை இல்லை.

சன்னல் ஓரத்தில் வைக்க வாங்குகிறவர்கள் தயவுசெய்து வேறு கள்ளியைத் தேடுங்கள். இதற்குக் குளிர்காலம் உணவைப் போன்றது. ஆண்டு முழுவதும் 20 பாகைச் சூட்டில், சமையலறைச் சன்னலின் மங்கிய வெளிச்சத்தில் இது வெளுத்து, மெலிந்து, மேல்நோக்கி நீண்டுவிடுகிறது, பூ வருவதில்லை. எங்கள் நண்பர் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான், அட்டையின் அறிவுரையைத் திருத்தும்படி நர்சரிக்கு எழுத முடிவு செய்தேன்.

அவர்கள் இரண்டு நாளில் பதில் எழுதினார்கள். வருத்தம் தெரிவித்து, அழுகிய செடிக்கு மாற்றாக மற்றொன்றைக் கட்டணமின்றி அனுப்பவும் முன்வந்தார்கள். பணிவான, நேர்மையான பதில் அது. பணத்தைக் காட்டிலும் குறிப்பு திருத்தப்படுவதே எனக்கு வேண்டும் என்று மறுபடி எழுதினேன். ஆனால் 2024 வசந்தத்தில் நண்பர் ஒருவருக்காக நான் வரவழைத்த செடியோடு வந்த அட்டையில் அதே மூன்று வரிகள் எழுத்து மாறாமல் இருந்தன. 9 டாலர் பெரிய தொகை அன்று. ஆனால் முதல்முறையாகக் கள்ளி வாங்கி, சொன்னதைச் சொன்னபடி செய்து, ஏப்ரலில் அழுகிய உருண்டையைப் பார்க்கும் ஒருவர் இந்த ஊரில் கள்ளி வளராது என்று முடிவு கட்டிவிடுவார். இந்த மண்ணுக்கே உரிய செடிக்கு அந்தப் பழி வருவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதே தேவைக்கு வேறு தேர்வுகளும் உண்டு. ஒபுன்ஷியா ஃப்ராஜிலிஸ் என்னும் சிறு சப்பாத்திக்கள்ளி இதைவிடவும் கடினமானது; பீஸ் ஆற்றங்கரையில் வட அகலாங்கு 56 பாகை வரை தானாக வளர்வது, கள்ளிக் குடும்பத்திலேயே மிக வடக்கே எட்டியது அதுதான். ஆனால் தொட்டதும் துண்டு துண்டாக ஒடிந்து செருப்பிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்ளும், சுணையும் உண்டு. குழந்தைகள் ஓடும் முற்றத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்கினோசீரியஸ் விரிடிஃப்ளோரஸ் என்னும் இன்னொரு கள்ளி பச்சைமஞ்சள் பூவோடு அழகாக இருக்கும், ஆனால் அது என்னிடம் ஒரு குளிர்காலம்தான் ஆகியிருக்கிறது, தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் விலை குறைவு என்று அங்கிருந்து வரவழைக்க நினைப்பவர்கள், கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வருவதையும், அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றும் இல்லாமல் செடி எல்லையில் நின்றுவிடும் என்பதையும் கருத வேண்டும். புல்வெளியில் காணும் செடியைத் தோண்டி எடுத்து வருவது பூங்காக்களில் சட்டப்படி குற்றம். மற்ற இடங்களிலும் செய்யத் தகாதது. உழவாலும் கட்டடங்களாலும் அந்தப் புல்வெளி ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. விதையிலிருந்து வளர்த்த செடி நர்சரியிலேயே கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

விதையிலிருந்து நாமே வளர்ப்பதும் கடினம் இல்லை, பொறுமைதான் வேண்டும். 2024-இல் பூத்த ஐந்தில் மூன்று காயாகின. காய் பச்சையாகவே பழுத்து, இலையுதிர்காலத்தில் லேசாகப் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் நெகிழும். தோலை உரித்துச் சுவைத்துப் பார்த்தேன். புளிப்பு குறைந்த கொடிமுந்திரிபோல மெல்லிய இனிப்பு, உள்ளே பழுப்பு விதைகள். அவற்றில் இருபதை வீட்டுக்குள் சூட்டில் விதைத்ததில் இரண்டுதான் முளைத்தன. மற்றோர் இருபதை நவம்பரில் மணல் தொட்டியில் தூவி, மேலே கம்பிவலை மூடி, பனிக்கு அடியிலேயே விட்டதில், மே மாதம் ஏழு முளைத்தன. இப்போது அவை மிளகு அளவில், முதல் முட்களோடு, கூரை விளிம்புக்குக் கீழே தொட்டியில் இருக்கின்றன. பூக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஆகும். அழுகிய செடி இருந்த இடத்துக்கு மூன்றும், எதிர்வீட்டுப் பெண்மணிக்கு இரண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அவர் இந்தக் கோடையிலேயே தன் வீட்டுச் சுவரோரம் மணலும் சரளையும் கொட்டி மேடு கட்டிவிட்டார்.